இடது கைக்கு நானூறு, வலது கைக்கு ஐம்பது

செல்லம்மாக்காவை இரண்டு பெண்கள் தோளில் தாங்கி தேயிலை எஸ்டேட் டிஸ்பென்சரிக்குக் கூட்டி வந்தார்கள். அவரோடு கொழுந்து பறிக்கும் ராணிதான் பேசினாள்.

“சிஸ்டர், அக்காவுக்கு சுகர் ஏறிப்போச்சுங்க! தேத்தண்ணி நேரத்துல அப்படியே சாஞ்சுட்டாங்க.”

நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த டிஸ்பென்சரியில் நான் நர்ஸாக இருந்த வருடங்களில் இந்த அக்காவின் சுகரைப் போல என் தலையைத் தின்றது வேறில்லை. வாராவாரம் குன்னூரிலிருந்து வரும் டாக்டர், என் குளுக்கோமீட்டர் ரீடிங்கைப் பார்த்து மாத்திரையைக் கூட்டுவார். அடுத்த முறையும் மெஷின் அதிகமாகவே காட்டும். மறுபடி கூட்டுவார். “கையெல்லாம் நடுங்குது சிஸ்டர், கண்ணைக் கட்டுது,” என்பார் அக்கா. “வாயைக் கட்டுங்கக்கா,” என்று நான் கடிந்துகொள்வேன். “தேத்தண்ணியில சீனியே போடுறதில்லயே!” என்று அவர் சத்தியம் செய்வார். நான் நம்பியதில்லை.

ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, இடது கை விரலில் குத்தினேன். எங்கள் பெண்கள் எல்லோரும் இடது கையைத்தான் நீட்டுவார்கள். வலது கை விரல் வலித்தால் கொழுந்து பறிக்க முடியாதாம். மெஷின் 412 என்றது.

டாக்டருக்குப் போன் போட்டேன். “நானூறா? உடனே இன்சுலின் போட்டு ஜீப்ல அனுப்புங்க சிஸ்டர்,” என்றார்.

ஊசியில் மருந்தை ஏற்றிவிட்டேன். ஆனால் கை போகவில்லை. அக்காவின் ரவிக்கை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. வெளியே அப்படியொரு குளிர். உடம்பு ஜில்லிட்டு உதறியது. இதெல்லாம் சுகர் இறங்கினால் வரும் கோளாறு. மெஷினோ ஏறியிருக்கிறது என்கிறது. எதை நம்புவது? மெஷின் சொல்வது சரியென்றால் இன்சுலின் போட்டாக வேண்டும். தவறென்றால் அந்த இன்சுலினே ஆளை முடித்துவிடும்.

நாடி பார்க்க அவர் இடது கையைப் பிடித்தேன். விரல் என் விரலோடு ஒட்டியது. பிசுபிசுப்பு.

“ராணி, கையில என்னம்மா இது?”

“சீனிங்க. கையில வச்சிருந்தாங்க. சுகர்காரங்களாச்சேன்னு நாந்தான் தட்டித் துடைச்சுவிட்டேன்.”

அப்படியென்றால் மெஷின் காட்டியது ரத்தத்தின் சுகரையா, விரலில் ஒட்டிய சீனியையா? பிளாஸ்கில் இருந்த வெந்நீரை விளாவி, அவருடைய வலது கையை நன்றாகக் கழுவித் துடைத்துக் குத்தினேன். 52. ஒரே உடம்பில் இரண்டு கைக்கு இரண்டு கணக்கா? மெஷின் கெட்டுவிட்டதோ என்று பயந்து, இடது கையையும் கழுவிக் குத்தினேன். 54.

இன்சுலினைத் தள்ளி வைத்துவிட்டு டெக்ஸ்ட்ரோஸ் என்னும் சர்க்கரை மருந்தை நரம்பில் ஏற்றினேன். கொஞ்ச நேரத்தில் அக்கா கண் திறந்து, “கூடைய யாரு எடுத்தது?” என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகுதான் விஷயம் புரிந்தது. அக்கா சிறு வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர். அவர்கள் வீட்டில் தேநீரில் சீனி கலப்பதில்லை. இடது உள்ளங்கையில் கொஞ்சம் சீனியைக் கொட்டி, ஒரு நக்கு, ஒரு மடக்கு என்று பால் கலக்காத வெறும் தேயிலைச் சாயத்தைக் குடிப்பார்கள். ஆக, அவர் செய்த சத்தியம் பொய்யில்லை. டிஸ்பென்சரிக்கு வரும் முன்பும் அப்படிக் குடித்துவிட்டுத்தான் வருவார். விரல்களிலும் ஒட்டிக்கொள்ளும் அந்தச் சீனி ஸ்பிரிட் பஞ்சுக்கு முழுதாகப் போகாது. இந்தக் குளிரில் பைப் தண்ணீரில் கை கழுவச் சொல்ல எனக்கும் தோன்றியதில்லை.

டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். கை நரம்பில் ரத்தம் எடுத்து, மூன்று மாதச் சராசரி காட்டும் டெஸ்டுக்கு அனுப்பினார். சுகர் இருந்தது. ஆனால் நாங்கள் பயந்த அளவில் பாதிகூட இல்லை.

“அப்ப எனக்கு சுகர் இருக்கா, இல்லையா சிஸ்டர்?” என்று அக்கா குழம்பிப்போய்க் கேட்டார்.

“இருக்குங்கக்கா. சீனி நக்கறதையும் விடோணும். ஆனா இத்தனை நாளா நாங்க மாத்திரை குடுத்தது உங்க ரத்தத்துக்கு இல்லீங்க, உள்ளங்கைக்கு.”

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். குத்துவதற்கு முன் வெந்நீரில் கையைக் கழுவச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் மெஷின் ஒன்றும் உடம்பு ஒன்றும் சொன்னால், குழம்புவதற்கு வெட்கப்படாதீர்கள். அன்றைக்கு நான் குழம்பாமல் இருந்திருந்தால், செல்லம்மாக்கா இன்றைக்கு இல்லை.