அண்டாவுக்குள் எலும்புப் படை

கல்யாண வீட்டில் பிணத்தைப் பரப்பி வைக்கலாமா?

போன வாரம் முழுக்க எங்கள் குடும்பத்தில் இந்த ஒரே கேள்விதான்.

என் அக்கா மகள் உமையாளுக்குக் கல்யாணம். (எங்களில் அக்காவையும் 'ஆச்சி' என்றுதான் கூப்பிடுவோம்.) உமையாள் டீன் ஏஜ் பிள்ளைகளுக்கு நாவல் எழுதுகிறவள். முதல் புத்தகம் இந்த வருஷம் வந்தது — 'எலும்புப் படை'. வருங்காலத்தில் ஒரு தேசம். போரில் செத்துப்போன பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளைத் தோண்டி எடுத்து, ஊசி போட்டு எழுப்பி, மறுபடியும் கையில் துப்பாக்கியைக் கொடுத்து அனுப்புகிறார்கள். சோறு வேண்டாம், லீவு வேண்டாம், எதிர்த்துப் பேச வாய் வராது. எவ்வளவு சௌகரியம்! அதில் ஒருத்தி மட்டும் ஒருநாள் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு 'மாட்டேன்' என்கிறாள். அங்கிருந்து கதை சூடு பிடிக்கிறது.

அட்டையில் அந்தப் பெண். பாதி முகம் அழகு... மீதி மண்டை ஓடு.

எங்கள் பக்கம் கல்யாணம் என்றால் சாமான் பரப்ப வேண்டும். பெண்ணுக்குக் கொடுக்கிற அண்டா, குத்துவிளக்கு, மிக்ஸியிலிருந்து முறம் வரை வரிசையாகப் பரப்பி வைப்போம். வருகிறவர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்து, ஆளுக்கொரு குறை சொல்லிவிட்டுத்தான் சாப்பிடப் போவார்கள். நாட்டரசன்கோட்டையில் அக்கா வீட்டில் எல்லாம் பரப்பியாயிற்று. உமையாள் வந்து, வெள்ளித் தட்டுக்கும் டிபன் கேரியருக்கும் நடுவில் தன் புத்தகங்களை ஓர் அடுக்கு வைத்தாள்.

"இதுவும் என் சாமான்தான்" என்றாள்.

மாப்பிள்ளையின் அம்மா பார்க்க வந்தார். கண் நேராக மண்டை ஓட்டில் போய் நின்றது.

"என்ன இது, கல்யாண வீட்டுல பொணத்தைப் பரப்பி வச்சிருக்கீக? எடுக்கச் சொல்லுங்க. இந்த எழுத்து கிழுத்தெல்லாம் இதோட சரின்னு பிள்ளைகிட்டயும் சொல்லி வைங்க. நம்ம வீட்டுக்கு ஆகாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறப்பதற்குள் அக்கா என் கையைக் கிள்ளிவிட்டாள். அந்தம்மா தலை மறைந்ததும் புத்தகங்களை வாரி ஒரு பித்தளை அண்டாவுக்குள் போட்டு மூடினாள். பிரச்னை முடிந்ததாம்!

எங்கே முடிந்தது? பரப்பிய சாமான் லாரி ஏறி மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும். அங்கே அவர்கள் மறுபடியும் பரப்புவார்கள். கல்யாண அலைச்சலில் அக்காவுக்கு இது உறைக்கவே இல்லை.

கல்யாணத்துக்கு மறுநாள், மாப்பிள்ளையின் ஊரான ஒக்கூர். நாங்களும் போயிருந்தோம். சொந்தபந்தம் மொத்தமும் சுற்றி நிற்க, அண்டா மூடியைத் திறந்தது சாட்சாத் மாமியாரேதான். கையோடு வந்தது மண்டை ஓடு. கூட்டத்தில் யாரோ 'ஆத்தாடி!' என்றார்கள்.

"எடுக்கச் சொன்னதை ஒளிச்சுல்ல அனுப்பியிருக்கீக! உமையா, இங்குட்டு வா. எல்லாரும் இருக்காக. இனிமே எழுத மாட்டேன்னு சொல்லிட்டு, இதைத் தூக்கி அங்குட்டுப் போடு."

அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். "சரின்னு ஒரு வார்த்தை சொல்லிரு ஆத்தா..."

மாப்பிள்ளை? அவர் சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நல்ல ஃபேன் போலிருக்கிறது.

தலையாட்டத்தானே நம் பெண்களைப் பழக்கி வைத்திருக்கிறோம்? 'தங்கமான பொண்ணு, வாயே திறக்க மாட்டா' என்று சொல்லித்தானே வரன் பேசுகிறோம்? அந்த நாவலிலாவது ஊசி போட வேண்டியிருக்கிறது. நமக்கு அதுகூடத் தேவைப்படுவதில்லை.

உமையாள் மாமியார் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினாள். அண்டாவில் மிச்சம் கிடந்ததையும் எடுத்தாள். பரப்பிய சாமானுக்கு நட்டநடுவில் அடுக்கினாள்.

"ஒளிச்சது தப்புத்தான் அயித்தை. நானா இருந்தா வெளியிலதான் வச்சிருப்பேன். ரெண்டாம் பாகம் பாதியில நிக்கிது. மீதியை இந்த வீட்டுல உக்காந்துதான் எழுதப்போறேன். திட்டணும்னா திட்டுங்க, வாங்கிக்கிறேன். எழுத மாட்டேன்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லி முடித்தாள். எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. விசிலடிக்கத் தெரியாமல் போயிற்றே என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக வருத்தப்பட்டேன்!

மாமியார் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று கேள்வி. புத்தகங்கள் மட்டும் வைத்த இடத்திலேயே இருக்கின்றனவாம்... உமையாளும் எழுதிக்கொண்டிருக்கிறாளாம்.

நாட்டரசன்கோட்டைக்குத் திரும்புகிற வழியெல்லாம் காரில் அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தாள். "பொண்ணைக் கொடுத்த இடம்டீ... அவுக என்ன நினைப்பாக?"

"நினைக்கட்டும் ஆச்சி. நாம பொண்ணை வாயோட சேர்த்துத்தான் கொடுத்திருக்கோம்."