மாலினியின் ஹார்ப்பை நான் பதிவு செய்தேன்

1. ஹாஜியார் அனுப்பிய வேலை

மாலினி ஊருக்கு வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டதும் நான் செய்த முதல் வேலை, கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்ததுதான்.

அப்போது நான் மட்டக்களப்பு நகரில் ஒரு சின்ன ரெக்கோடிங் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவுக்காரியாக இருந்தேன். கோயில் பாட்டு, தேவாலயப் பாட்டு, இஸ்லாமிய கீதம், புடவைக்கடை விளம்பரம் எல்லாம் எங்களிடம்தான் கசட்டில் ஏறும். சண்டைக் காலம். மின்சாரம் வந்தால் வரும். வராத நாட்களில் கார் பற்றரியில் மெஷின் ஓடும். முதலாளி காத்தான்குடிக்காரர். ஹாஜியார் என்று கூப்பிடுவோம்.

மாலினியும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே டீச்சரிடம் வயலின் படித்தவர்கள். டீச்சர் என்னைத்தான் முன்வரிசையில் நிறுத்துவார். சண்டை தொடங்கியதும் மாலினியை அவளுடைய மாமா வெளிநாட்டுக்கு எடுப்பித்தார். அங்கே அவள் ஹார்ப் படித்துக் கச்சேரி மேடைகளில் ஏறினாள். சித்தாண்டியில் எங்கள் வீடு எரிந்தபோது என் வயலினும் அதற்குள்ளே போயிற்று. அதற்குப் பிறகு மற்றவர்கள் வாசிப்பதைப் பதிவு செய்வது என் தொழிலாயிற்று.

"அந்தப் புள்ள யாழ் மாதிரி ஒரு சாமான் கொண்டு வந்திரிக்கி. ஒரு அல்பம் எடுக்கணுமாம். நீ போய் எடுத்துக் குடு மகள்," என்றார் ஹாஜியார்.

"வேற ஆரையும் அனுப்புங்களன் ஹாஜியார்."

"வேற ஆரு இரிக்கா? பாட்டுக்குக் காது உள்ள ஆள் நீ மட்டும்தானே."

போனேன்.

2. பிழை தேடும் காது

நாவற்குடாவில் அவளுடைய அப்பாவின் வீடு. பின்பக்கம் வாவி. முன் ஹோலில் ஹார்ப் நின்றது. மேடைகளில் வைக்கும் பெரியது அல்ல. விமானத்தில் கொண்டு வரக்கூடிய சின்ன லீவர் ஹார்ப்; சுரத்தை மாற்ற ஒவ்வொரு தந்தியின் மேலும் ஒரு சின்ன நெம்பு இருக்கும். பக்கத்தில் டிஜிட்டல் ரெக்கோடர் ஒன்றும் இரண்டு மைக்கும் இருந்தன. அந்த மைக்கை அதுவரை நான் கட்டலொக்கில் படமாக மட்டும் பார்த்திருந்தேன்.

"சாந்தி! நல்லா மெலிஞ்சு போனாய் என்னகா!" என்று கட்டிப்பிடித்தாள்.

"நீ மெலியல்ல," என்றேன்.

வெளிநாட்டில் நல்ல ஸ்டூடியோக்கள் இல்லையா என்று கேட்டேன். அவள் அறைப் பக்கம் பார்த்தாள். உள்ளே அவளுடைய அப்பா படுத்த படுக்கையாக இருந்தார்.

"அப்பா இன்னும் நான் ஹார்ப் வாசிச்சுக் கேக்கல்ல. அவரால அங்க வர ஏலாது. அதான் இஞ்ச கொண்டு வந்தன்."

எனக்கு அப்பா இல்லை. அவளுடைய அப்பா உயிரோடு இருப்பதிலும் எனக்குப் பொறாமைதான்.

அல்பத்தில் வரவிருந்தவை பழைய மேதைகளின் இசை அல்ல. இப்போது உயிரோடு இருக்கிறவர்கள் ஹார்ப்புக்கென்றே எழுதிய மேற்கத்தைய சாஸ்திரிய இசை. கடைசி உருப்படி மாலினியே எழுதியது. கேட்டுவிட்டு வாய்க்குள் முணுமுணுக்கக்கூடிய மெட்டு எதிலும் கிடையாது. ஒரு தந்தி ஒலித்து அடங்கும் வரை அடுத்தது காத்திருக்கும். அந்த அமைதியில் சின்னச் சத்தம் வந்தாலும் பதிவில் விழுந்துவிடும்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான் பிழை தேடினேன். இதை மறைக்க ஒன்றுமில்லை. அவள் தடுமாறுவதைக் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது.

"நிப்பாட்டு. அதிருற தந்தியில விரல் பட்டிட்டு. இரைச்சல் கேக்குது."

"நிப்பாட்டு. லீவர் சத்தம்."

"மேல் தந்தி இறங்கிட்டு. திருப்பிச் சுதி சேர்."

வாவிக் காற்றின் ஈரத்துக்கு அந்தத் தந்திகள் நிலைகொள்ளவே இல்லை. ஒவ்வொரு தடவையும் அவள் முகம் சுளிக்காமல் சுதி சேர்த்து முதலிலிருந்து வாசித்தாள். ஒருதரமாவது சண்டைக்கு வந்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவளோ, "ஓம்கா, சரியாத்தான் சொல்றாய்," என்றாள்.

3. கடைசி உருப்படி

அவள் எழுதியதை வாசித்த பின்னேரம் அது. அடியில் இரண்டே தந்திகள் மாறி மாறி ஒலிக்க, மேலே ஒரு சுரவரிசை படிப்படியாக ஏறிக்கொண்டிருந்தது. பாதியில் ஷெல் அடிக்கத் தொடங்கினார்கள். ஜன்னல் அதிர்ந்தது. அவள் கையை எடுத்துவிட்டாள். விரல்கள் நடுங்கின.

"நான் நாளைக்கே கொழும்புக்குப் போறன். இந்த ஒண்டு இல்லாமலே அல்பம் வரட்டும்."

அந்த நடுக்கத்தைப் பார்க்க எனக்கு உள்ளுக்குள் இனித்தது. இந்தச் சத்தத்துக்கு நடுங்காமல் பழகிய கை என்னுடையது. 'போ' என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் அந்த இசை ஏறிய இடத்திலேயே அறுந்து என் காதில் தொங்கிக்கொண்டிருந்தது.

"நாளைக்குப் போ. இப்ப இரி," என்றேன். "இஞ்சயிருந்து ஆமி, வாவிக்கு அங்கால படுவான்கரைக்கு அடிக்கிறானுகள். கொஞ்சத்தால நிப்பாட்டுவானுகள். மறுகா வாசி."

"உனக்குப் பயமில்லையாகா?"

"பயம்தான். ஆனா இது எங்க போய் முடியுது எண்டு எனக்குக் கேக்கணும்."

வாவிக்கு அந்தப் பக்கமும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது இருவருக்கும் தெரியும். ஷெல் ஓயும்வரை சுவரோரம் தரையில் குந்தியிருந்தோம்.

பிறகு வாசித்தாள். நான் நினைத்த இடத்தில் அந்த இசை போய் நிற்கவில்லை. ஏறி ஏறி மெலிந்து, ஒரு கட்டத்தில் மேலே இல்லாமலே போயிற்று. அடித் தந்திகள் இரண்டும் மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தன. நான் கடைசிவரை பிழை தேடினேன். விரல் இரைச்சல் இல்லை. லீவர் சத்தம் இல்லை. சுதி அசையவில்லை. ஒலி முழுக்க அடங்கியும் மெஷினை நிறுத்தாமல் இருந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி," என்றேன். ஹெட்போனைக் கழற்றிவிட்டு மறுபடி சொன்னேன். "நல்லா வந்திரிக்கு."

அறைக்குள்ளிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "இன்னொருக்கா வாசி மகள்."

அவள் அழுதாள். வயரைச் சுருட்டுகிற சாட்டில் நான் திரும்பிக்கொண்டேன்.

நான் புறப்படும்போது அவள் சொன்னாள்: "அங்க ஆரும் இவ்வளவு கவனமா என்னைக் கேட்டதில்ல சாந்தி."

அல்பம் வெளிநாட்டில் இசைத்தட்டாக வந்தது. பின் அட்டையில் ஒலிப்பதிவு என்று என் பெயரும் இருந்தது. இன்றைக்கும் அதைப் போட்டால் பொறாமை வருகிறது. ஆனாலும் நான் செய்த பதிவுகளில் அதுதான் சுத்தமானது.

இத்தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்வேன். பிடித்தவர்கள் வாசிக்கும்போது காது சின்னப் பிழைகளை மன்னித்துவிடும். பொறாமைப்படுகிறவரிடம் அது ஒன்றையும் விடாது. அப்படி ஒருவர் உங்கள் மைக்குக்கு முன்னால் வந்தால் வேலையைத் தட்டிக்கழிக்காதீர்கள். கடைசித் தந்தி அடங்கும்வரை கேளுங்கள். நன்றாக இருந்தால், எவ்வளவு கசந்தாலும், அவருக்குக் கேட்கும்படி சொல்லிவிடுங்கள்.