ஒயர் போகாத கூடாரம்

என் வீட்டுக்காரருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். பக்கத்தில் படுக்கிறவளுக்குத்தான் அது தெரியும். அவர் பாட்டுக்குக் காலையில் எழுந்து காபி கேட்பார். கடைசியில் டாக்டர் ஒரு மெஷின் எழுதிக் கொடுத்தார். முகத்தில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படுத்தால், ராத்திரி முழுக்க அது காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அது வந்த பிறகுதான், ஒரு வருஷமாக, நான் தூங்குகிறேன்.

போன குளிர்காலத்தில் அவரோடு வேலை செய்கிற மூன்று பேர் குடும்பத்தோடு, ஆனேக்கல் தாண்டி ஒரு தோட்டத்தில் கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்கக் கிளம்பினார்கள். எங்களையும் கூப்பிட்டார்கள். இவர் என்னிடம் சொல்லாமலேயே ஒரு கூடாரம் வாங்கி வந்து, எங்கள் ஜீவனஹள்ளி வீட்டு மொட்டை மாடியில் விரித்துப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் அது நிற்கிற அழகைப் பார்க்க, நாற்பத்தாறு வயசு மனிதர் மூன்று தடவை படியேறினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. மெஷினை எதில் சொருகுவது?

நான் ஏற்கெனவே எங்கள் கார் மெக்கானிக்கிடம் விசாரித்து வைத்திருந்தேன். காரில் சின்ன இன்வெர்ட்டர் மாட்டினால் மெஷின் ஒரு ராத்திரி ஓடும், பின் சீட்டை மடக்கினால் இரண்டு பேர் எப்படியோ படுக்கலாம் என்றார். ஆனால் கார்களை வேலி ஓரமாகத்தான் நிறுத்த வேண்டும், பனி இறங்குகிற புல்லில் ஒயர் இழுக்கக் கூடாது என்று தோட்டக்காரர் போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். ஆக, காரில் படுத்தால் மெஷின் உண்டு, கூடாரத்தில் படுத்தால் இல்லை.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அவர் முகம் சுருங்கிப்போனது.

“ஃப்ரெண்டுங்க முன்னாடி மூஞ்சில அத மாட்டிக்கினு வண்டில படுக்கச் சொல்றியா? ஆஸ்பத்திரி கேஸுன்னு நெனப்பானுங்க.”

மானம்தான் பெரிசு என்றால் கூடாரத்தில் தனியாகப் படுங்கள், நான் காரில் படுத்துக்கொள்கிறேன் என்றேன். காலையில் எழுந்திருக்காவிட்டால் என்னைக் குறை சொல்லக் கூடாது என்றும் சொன்னேன். கோபம் வந்தால் எனக்கு வாய் நிற்காது.

அங்கே போயும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. முளை அடித்தார், நெருப்பு மூட்டினார், எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தார். தரையில் படுத்தால் எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்று அவருக்காக நானே பொய் சொன்னேன். அண்ணன் குறட்டைக்குப் பயந்து அண்ணி ஓடுகிறார்கள் என்று கிண்டல் செய்தார்கள். மெஷினைக் காரில் தயாராக வைத்துவிட்டு, கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கிக் காது கொடுத்துக்கொண்டு கிடந்தேன்.

தலையணையில் தலை வைத்ததும் குறட்டை விடுகிற ஆள் அவர். அது கேட்டுக்கொண்டிருக்கும் வரை எனக்குக் கவலையில்லை. அன்றைக்கு மற்ற கூடாரங்களிலிருந்து குறட்டை வந்தது. அவருடையது வரவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. செருப்பு கூடப் போடாமல் ஈரப்புல்லில் ஓடிப் போய் ஜிப்பை இழுத்தேன்.

போர்வையைச் சுற்றிக்கொண்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு, இருட்டில் உட்கார்ந்திருந்தார். உயிர் வந்தது எனக்கு. கூடவே அறையலாம் போலக் கோபமும் வந்தது. ஏன் படுக்கவில்லை என்று கேட்டேன்.

“படுத்தா தூக்கம் வந்துடுது. தூங்கினா மூச்சு நின்னுடுமோன்னு பயமா கீது.”

பயப்படுகிறவள் நான் ஒருத்திதான் என்று நினைத்து, இத்தனை நாளும் அவரை அதட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். உங்களுக்குப் பயமாக இருக்கிறதா என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். எனக்கு வெட்கமாக இருந்தது.

காருக்குப் போகலாம் வாங்க என்றேன். பக்கத்துக் கூடாரத்தைப் பார்த்தார், எழுந்திருக்கவில்லை. நான் உள்ளே நுழைந்து ஜிப்பை மூடினேன்.

“நீங்க தூங்குங்க. நான் முழிச்சினு இருக்கேன்.”

என் மடியில் தலை வைத்துப் படுத்தார். அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருந்தேன். மூச்சு நின்றபோதெல்லாம் தோளைப் பிடித்து உலுக்கினேன். ஒவ்வொரு தடவையும் கண்ணைத் திறந்து, நான் இருக்கிறேனா என்று பார்த்துவிட்டு மறுபடியும் தூங்கினார்.