தம்பிக்குப் பத்தொன்பது

தொண்ணூறுகளின் நடுவில் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியில் கணினி இருந்த வீடு எங்களுடையது மட்டும்தான். அலுவலகத்தில் புதியவை வந்தபோது பழையது ஒன்றை நான் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன். மேற்படிப்புக்கு உதவும் என்று அம்மாவிடம் சொன்னேன். அதில் நான் எதையும் படிக்கவில்லை. காற்பந்துக் குழுவை நிர்வகிக்கும் விளையாட்டு ஒன்றை மட்டும் இரண்டு வருடம் விடாமல் ஆடினேன். அதில் பந்தை உதைக்க முடியாது. உதைப்பவர்களை வாங்கலாம், விற்கலாம். பயிற்சியாளரை வைக்கலாம், பிடிக்காவிட்டால் வீட்டுக்கு அனுப்பலாம். ஆட்டம் நடக்கும்போது திரையில் வெறும் எழுத்துதான் ஓடும். அம்மா அதைப் பார்த்துவிட்டு, நான் அலுவலக வேலையை வீட்டிலும் செய்கிறேன் என்று பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அலுவலகத்தில் எனக்கு மேலே ஆறு பேர் இருந்தார்கள். அந்த விளையாட்டில் எனக்கு மேலே யாரும் இல்லை.

அந்த நாட்களில் நிஜத்திலும் நான் ஒரு மேனேஜர்தான். எங்கள் வட்டாரக் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் லீக் ஆடியது. ஆட்டக்காரர்களின் அடையாள அட்டைகளையும் ஜெர்சி மூட்டையையும் ஐஸ் பெட்டியையும் சுமப்பவனுக்கு மேனேஜர் என்று பெயர். அதனால் எனக்கு ஒரு யோசனை வந்தது. விளையாட்டுக்குள் இருந்த ஏதோ ஓர் இங்கிலாந்துக் குழுவைக் காலி செய்துவிட்டு, அந்த இடத்தில் எங்கள் ஆட்களை ஏற்றினேன். ஒவ்வொருவருக்கும் வேகம், உதை, தலையால் முட்டுவது என்று இருபதுக்கு இத்தனை என்று எண் போட வேண்டும். மூன்று வாரம் உட்கார்ந்து போட்டேன். கோல்கீப்பர் எனக்கு ஒரு தடவை டீ வாங்கித் தராமல் போனது உட்பட எல்லாம் அந்த எண்களில் இருந்தது.

தம்பி எங்கள் குழுவில் இடது ஓரத்தில் ஆடினான். அவனைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் கூசாது, அவன் நன்றாக ஆடினான். பந்தோடு அவன் திரும்பினால், எதிராளி அவன் இல்லாத பக்கம் போய் நிற்பான். வேகத்துக்குப் பதினெட்டு, இடது காலுக்குப் பத்தொன்பது. காயம் தாங்குவதற்கென்று ஓர் எண் உண்டு. எண் கூடினால் அடிபட்டவன் சீக்கிரம் எழுந்து வருவான். அதற்கும் பத்தொன்பது. இருபதே போட்டிருப்பேன். தம்பிக்குச் சலுகை காட்டுகிறான் என்று யாராவது சொல்வார்களோ என்று ஒன்றைக் குறைத்தேன். அந்தக் கணினியை என்னைத் தவிர வேறு யாரும் தொட்டதில்லை.

விளையாட்டில் குழுவுக்கு ஒரு மருத்துவ உதவியாளரும் தேவை. எங்களுக்கு நிஜத்தில் ஒருவர் இருந்தார். பந்திங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மருந்து கட்டி ஊசி போட்டு ஓய்வு பெற்றவர். தோட்டத்தில் அந்த வேலைக்கு டிரெசர் என்று பெயர். ஓய்வு பெற்ற பிறகும் எல்லோருக்கும் அவர் டிரெசர் அங்கிள்தான். ஞாயிறுதோறும் இரண்டு பஸ் மாறி, காக்கிப் பையோடு வந்து சேருவார். காசு வாங்க மாட்டார். மெதுவாக நடப்பார், மெதுவாகப் பேசுவார், யாருக்கு எது வந்தாலும் "ரெஸ்ட் எடு" என்பார். எனக்கு அவரைப் பிடிக்காது. பதினொரு பேரைச் சேர்ப்பதே பெரும்பாடாக இருக்கும்போது இவர் ஆளை உட்கார வைத்தால் மேனேஜர் என்ன செய்வான்? இருபதுக்கு ஐந்து போட்டேன். முதல் சீசனிலேயே விளையாட்டில் அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டு, பதினேழு எண் உள்ள வெள்ளைக்காரர் ஒருவரை வைத்தேன்.

அந்த வருடம் எங்கள் குழு கால் இறுதிக்குப் போனது. ஆட்டம் கிள்ளானில். மாநில இளையோர் குழுவுக்கு ஆள் தேர்ந்தெடுப்பவர் அதைப் பார்க்க வருகிறார் என்று சொன்னார்கள், முக்கியமாக எங்கள் இடது ஓரத்துக்காக. தம்பி அப்போது ஒரு தொழிற்சாலையில் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். அவன் வயதுக்கு அதுதான் கடைசித் தேர்வு.

கால் இறுதிக்கு நான்கு வாரம் இருக்கும்போது செமினியில் ஓர் ஆட்டத்தில் அவன் முட்டி திருகிக்கொண்டது. டிரெசர் அங்கிள் அவனைப் புல்லில் படுக்க வைத்து, முட்டியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் மெல்ல இழுத்துப் பார்த்தார். இழுக்கும்போது அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"மூணு மாசம் பந்து பக்கமே போகக்கூடாது. ஜி.எச்.ல போயி காட்டுங்க," என்றார்.

"அங்கிள், நாலு வாரத்துல மேட்ச்," என்றேன்.

"முட்டி உள்ள ஆடுது. இன்னொரு தடவ திருகுச்சுன்னா போச்சு."

அந்த வாரமே விளையாட்டிலும் தம்பிக்கு முட்டியில் அடிபட்டது. தற்செயல்தான். ஆனால் எனக்கு அது தகவல் போலத் தோன்றியது. மூன்று வாரம் ஆட முடியாது என்று திரையில் வந்தது. மூன்று வாரத்தை ஓட்டினேன். திரும்பி வந்த முதல் ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டான். நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன்.

அடுத்த ஞாயிறு டிரெசர் அங்கிளைத் தனியாகக் கூப்பிட்டேன். "அவ்ளோ தூரத்துலேர்ந்து வர்றீங்க. கஷ்டம் வேணாம் அங்கிள். நாங்க பாத்துக்கிறோம்," என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். விளையாட்டில் ஒரு விசையைத் தட்டினால் போதும், இங்கே மூன்று வாக்கியம் தேவைப்பட்டது. அவர் கோபப்படவில்லை. பையின் வாரைத் தோளில் சரி செய்துகொண்டார். "தம்பிய மட்டும் எறக்கிடாதீங்க," என்றார். அவர் இடத்துக்கு, அடிபட்ட இடத்தில் ஜில்லென்று தெளிக்கும் ஸ்பிரே டின் ஒன்றை வாங்கி வைத்தேன்.

மூன்று வாரம் முடிந்தது. வீக்கம் வடிந்திருந்தது. தம்பி மாடிப்படியில் ஏறி இறங்கிக் காட்டினான்.

"அண்ணே, எறங்கலாமா?"

"தாராளமா எறங்கு. கம்ப்யூட்டர்ல மூணு வாரம்தான் காட்டுது."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் நான் அதைக் கேலிக்குச் சொல்லவில்லை, அவனும் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. சின்ன வயதிலிருந்து நான் படித்தவன், அவன் ஓடுகிறவன். எங்கள் வீட்டில் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தோம்.

கிள்ளான் திடலில் காலையிலேயே நல்ல வெயில். முதல் கால் மணி நேரம் அவன் ஆடியதைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். பந்தை வாங்கி, திரும்பி, ஒருவனை உட்கார வைத்துவிட்டுப் போனான். தேர்வு செய்ய வந்தவர் தாளில் ஏதோ எழுதுவதை நான் பார்த்தேன். அடுத்த தடவை திரும்பும்போது விழுந்தான். பக்கத்தில் யாருமே இல்லை. அவன் போட்ட சத்தம் கோட்டுக்கு வெளியே நின்ற எனக்கு எட்டியது. நான் ஸ்பிரே டின்னை எடுத்துக்கொண்டு ஓடினேன். இப்போது நினைத்தாலும் அதுதான் எனக்குப் பெரிய அவமானம். அந்த டின்னைக் குலுக்கிக்கொண்டே ஓடினேன்.

எனக்கு முன்னால் டிரெசர் அங்கிள் அங்கே இருந்தார். கிள்ளான் அவருக்கு ஒரே பஸ். ஆட்டம் பார்க்க வேலியோரம் வந்து நின்றிருக்கிறார். காக்கிப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து நீளக் காலுறையை வெட்டினார். இரண்டு பலகைத் துண்டு வைத்துக் கட்டினார். என்னை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஒன்னும் இல்ல, என் கைய பிடிச்சிக்க," என்று தம்பியிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அறுவை சிகிச்சை நடந்தது. கால் நேராயிற்று, ஆனால் முழுதாக மடங்கவில்லை. தொழிற்சாலையில் நின்று செய்யும் வேலையிலிருந்து எடுத்து, ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். நாங்கள் மூன்றாவது மாடி. அவன் ஏறி வரும் சத்தம் வித்தியாசமாக இருக்கும், ஓர் அடி, பிறகு இழுத்து வைக்கும் இன்னோர் அடி. அதைக் கேட்டால் நான் கணினியை அணைத்துவிடுவேன். ஆமாம், அதற்குப் பிறகும் ஆடினேன். வெட்கமில்லாமல் ஆடினேன். அதில் அவன் குழுத் தலைவனாகியிருந்தான்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம். அவன் வீட்டில்தான் இருக்கிறான் என்பதை மறந்துவிட்டேன். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, காலை நீட்டிப் பக்கத்தில் உட்கார்ந்தான். திரையில் அவன் பெயர் இருந்தது, அந்த சீசனில் பதினான்கு கோல். கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அண்ணே, அன்னைக்கு மூணு வாரம்னு காட்டுதுன்னு சொன்ன லா. என் முட்டியப் பத்தி அதுக்கு எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஆட்டக்காரனுக்குக் காயம் தாங்க ஓர் எண் இருக்கும், பார்த்துக்கொள்பவருக்கும் ஓர் எண் இருக்கும், அதை வைத்துக் கணக்குப் போடும்.

"அந்த நம்பர யாரு போட்டா?"

பொய் சொல்லியிருக்கலாம். விளையாட்டோடு வந்தது என்று சொன்னால் நம்பியிருப்பான்.

"நான்தான் போட்டேன்."

"எனக்கு எவ்ளோ?"

"பத்தொம்பது."

"டிரெசர் அங்கிளுக்கு?"

"அஞ்சு."

அவன் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும். மேசை விளிம்பைப் பிடித்து எழுந்தான். எழுந்தவன் கையை என் தோளில் வைத்து நிலைப்படுத்திக்கொண்டான். அந்தக் கனம் முழுவதும் என் மேல் இறங்கியது.

"பாசத்துலதானே போட்ட," என்றான். பிறகு கையை எடுத்துவிட்டு, நல்ல காலை முன்னால் வைத்து அடுப்படிக்குப் போனான்.