ஃபிளாஷ் போடாமல் எடுத்த சந்தைப் படம்

இன்று மாலை திருகோணமலைச் சந்தையில் படம் எடுக்கப் போனேன். மின்சாரம் இல்லை. கடைக்கொரு அரிக்கன் லாம்பு. ஃபிளாஷ் போட்டால் சந்தை வாசல் காவலரணில் இருக்கும் ஆமிக்காரர் வெடியென்று பதறிவிடுவார்கள்.

மரக்கறி விற்கும் அக்காவிடம், "ஒரு படம் எடுக்கட்டா? கொஞ்ச நேரம் ஆடாமல் இருங்கோ" என்றேன்.

"ஓம், எடுங்கோ" என்றவர், பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நாடிக்குக் கீழே பிடித்தார். அதைப் பார்த்துப் பக்கத்துக் கருவாட்டுக் கடை அண்ணரும் பிடித்தார்.

"அட்டை வேண்டாம் அக்கா."

"ஆமிக்காரர் வீட்டுப் பதிவுக்குப் படம் எடுக்கேக்க இப்பிடித்தானே பிடிக்கச் சொன்னவை?"

இருவரும் இம்மியும் அசையவில்லை. ஆனாலும் வெளிச்சம் போதாததால் முகங்கள் விழவில்லை. லாம்பு வெளிச்சத்தில் அட்டைகள் இரண்டும் பளிச்சென்று விழுந்திருக்கின்றன.

படத்துக்குப் பொருத்தமாய் ஒரு தலைப்பைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். உங்கள் அட்டை இலக்கம் தேவையில்லை.