தொட்டி கழுவ ஆள் தேவைப்பட்ட வருஷங்கள்

கடைசியாகத் தண்ணீர்த் தொட்டி கழுவின அன்றைக்கு இருந்தது நாங்கள் நாலே பேர். நான், என் வீட்டுக்காரர், அவர் தம்பி, தம்பி பொண்டாட்டி சுமதி. வேறு யாரும் இல்லை.

மூடியைத் திறந்ததும் அழுகின முட்டை வாடை...

மல்லசமுத்திரம் பக்கம் எங்கள் கோழிப்பண்ணை. பழைய டேங்கர் லாரியின் இரும்புத் தொட்டியைத் தூண்மேல் ஏற்றி, போர்த்தண்ணீரை அதில்தான் நிரப்புவோம். வருஷா வருஷம் ஆடியில் தண்ணீரை வடித்து, நன்றாகக் காற்றாட விட்டு, ஆண்கள் உள்ளே இறங்குவார்கள். ஆரஞ்சு நிறத்தில் வழுவழுவென்று படிந்திருப்பதைச் சுரண்டித் தருவார்கள். நானும் சுமதியும் வாளி வாங்கிக் கொட்டுவோம். சாயங்காலமே பெயிண்ட். அடுத்த ஆடிக்குள் அந்தப் பெயிண்ட் கொப்புளமாகிவிடும்.

அந்த வருஷம் கொழுந்தனார் உளியை வைத்ததும் தகடு பொத்துக்கொண்டு உள்ளே வெயில் விழுந்தது. தொட்டி போனால் கோழிகளுக்குத் தண்ணீர் இல்லை.

நான் போனில் தேடித் தேடிப் படித்திருந்தேன். அந்த வழுவழுப்புக்கு அடியில் கிருமிகள் குடியிருந்து இரும்பை அரிக்கின்றன, மேலே பெயிண்ட் அடிப்பது அவற்றுக்குப் போர்வை போர்த்துகிற மாதிரி என்று சொன்னேன்.

"ஏனுங்க நங்கை, இரும்பத் திங்கற கிருமிக்குப் பல்லு எங்கீங்க இருக்கும்?" என்றார் கொழுந்தனார். அண்ணியை நங்கை என்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம்.

"நீயே எறங்கிக் கேட்டுட்டு வா சாமி," என்றார் இவர்.

சிரித்தாலும் இவர் கேட்டுக்கொண்டார். தான் வேலை பார்க்கிற, போர் போடும் ரிக் வண்டிக்கு லீவு நீட்டிச் சொன்னார். ஓட்டையை வெல்டிங் வைத்து, மணலைப் பீய்ச்சி, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு, குடிதண்ணீருக்கு ஆகிற, கிருமி அண்டாத கோட்டிங் அடித்தோம். அது காய்கிறவரை சொட்டுத் தண்ணீர் விடக்கூடாது. கோழிகளுக்கு நாலு பேரும் குடத்தில் சுமந்தோம். ஒரே அடுப்பு, ஒரே சாப்பாடு...

காய்ந்து நிரப்பியதும் முதல் குடம் பிள்ளையாருக்கு ஊற்றினேன். வாடையே இல்லை.

அதற்கப்புறம் எந்த ஆடியிலும் தொட்டி கழுவவில்லை. கொழுந்தனார் குடும்பம் ஓசூருக்குப் போய்விட்டது. இவர் ரிக்கோடு வடக்கே இருக்கிறார், ஆடிக்கென்று வருவதில்லை.

நேற்று நானே ஏறி டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு புள்ளி துரு இல்லை. பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டேன். பிறகும் இறங்காமல், எங்காவது கொஞ்சம் இருக்குமா என்று இன்னொரு தரம் பார்த்தேன்...

சுமதி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். தொட்டியில் கழுவ ஒன்றும் இல்லை. சும்மா வாங்க. நீங்கள் வருகிற நாளைச் சொன்னால் இவரையும் வரச் சொல்வேன். என்றைக்கு என்று சீக்கிரம் பதில் போடு.