மந்திரி பின்வாங்கிய ஆட்டம்

தக்கலையில் வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்த்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் ஒரு செஸ் புரோகிராம் எழுதினேன். கணக்குப் போடுவதில் அது மோசமில்லை. ஆட்டத்தைத் தொடங்கத்தான் தெரியாது. முதல் சில நகர்த்தல்களை நாம் சொல்லிவைக்க வேண்டும். அதற்குப் பெயர் ஓப்பனிங் புக். பெயர்தான் புக், இந்த நிலை வந்தால் இந்தக் காயை நகர்த்து என்று சொல்லும் ஒரு கோப்பு, அவ்வளவே.

அதைத் தயாரிக்க என் கல்லூரித் தோழியை அழைத்தேன். கல்லூரி அணியில் ஆடியவள். இப்போது குளச்சலில் கணவர் வீட்டாரின் ஐஸ் பிளாண்டைக் கவனிக்கிறாள். சனிக்கிழமைகளில் பஸ் ஏறி வருவாள். தனக்குப் பிடித்த ஆட்டங்களையே ஏற்றினாள். எல்லாம் சிப்பாயைக் கொடுத்துவிட்டு எதிராளியின் ராஜா மேல் பாய்கிற வகை.

முதல் சோதனையில் புரோகிராம் அச்சு அசலாக அவளைப் போலவே ஆடியது. புக் தீர்ந்ததும், முன்னேறி நின்ற மந்திரியை மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டது.

"ஏட்டி, இதென்ன பயந்து ஓடுது?" என்றாள்.

"பயமில்ல. ஒரு சிப்பாய் குறஞ்சிருக்குன்னுதான் அதுக்குத் தெரியும். நீ எதுக்குக் குடுத்தேன்னு தெரியாதுல்லா."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நானும் ஐஸ் பிளாண்டுக்குப் போன புதுசுல இப்பிடித்தான் நின்னேன், கேட்டியா. சொன்னத அப்படியே செய்வேன். சொல்லாத ஒண்ணு வந்தா கையும் ஓடாது, காலும் ஓடாது."

அதன்பின் வேலையைத் தலைகீழாக்கினோம். புக்கில் ஒவ்வொரு நகர்த்தல் வரிசையும் முடியும் இடத்திலிருந்து புரோகிராமைத் தனியாக ஆடவிட்டோம். அது தடுமாறிய வரிசைகளை நீக்கினோம். போனவை பெரும்பாலும் அவளுக்குப் பிடித்தவை. எனக்குச் சங்கடமாக இருந்தது. "ஒண்ணு ரெண்டு கிடக்கட்டே" என்றேன்.

"வேண்டாம். ஆடப்போறது அதுல்லா" என்று அவளே அழித்தாள். மிஞ்சியவை நிதானமான, சற்றுச் சலிப்பூட்டும் தொடக்கங்கள்.

புரோகிராம்களுக்கான ஓர் இணையப் போட்டியில் அதைச் சேர்த்தேன். பட்டியலின் நடுவில் எங்கோ வந்தது. ஆனால் ஓர் ஆட்டத்தில், சமமான நிலையிலிருந்து அங்குலம் அங்குலமாக நகர்ந்து, கடைசியில் ஒரே ஒரு சிப்பாய் அதிகமாக வைத்துக்கொண்டு ஜெயித்தது. ஐஸ் பிளாண்டில் இருந்தபடியே போனில் முழுவதையும் பார்த்திருக்கிறாள். முடிந்ததும் என்னை அழைத்தாள்.

"நானா இருந்தா பாதியிலேயே அவசரப்பட்டுக் கெடுத்திருப்பேன் மக்கா" என்றாள்.

சந்தோஷமாகத்தான் சொன்னாளா என்று தெரியவில்லை. அவளுக்குப் பின்னால் லாரி ஹாரன் அடித்தது. அவள் போனை வைத்துவிட்டாள்.